எந்தத் தீவின் கடலில் இறங்குவது?



காற்றுக்கலனை முதுகில் சுமந்து பசிபிக் கடலின் ஆழம் காண உங்கள் மகன் விரும்பினால், எந்தத் தீவைக் காட்டுவீர்கள்? வண்ணப் படங்களைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள்.

ஃபிஜி மென்பவளங்களுக்குப் பெயர்பெற்றது. எனினும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்குப் புயற்காலம். பலாவு நாடு 2009இல் தன் கடலைச் சுறாக்களின் புகலிடமாக அறிவித்தது. ஆங்கே 'ப்ளூ கார்னர்' என்னுமிடத்தில் நீரோட்டம் வலிது. பாறையில் கொக்கி மாட்டி நிற்பர். சூக் கடற்கழியில் 1944 பிப்ரவரியில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் கிடக்கின்றன. அவற்றுள் பல மிகுந்த ஆழத்தில் இருப்பதால் புதியவர்க்கு உகந்தவையல்ல. மாண்டோரின் கல்லறைகளும் அவையே.

ஆழத்தில் உடலில் கரையும் நைட்ரஜன், விரைந்து மேலேறினால் குமிழிகளாகிக் கைகால்களை முடக்கக்கூடும், உயிரையும் பறிக்கக்கூடும். இதற்குச் சிகிச்சை அழுத்த அறையில்தான். ஆகவே, அவ்வறை எத்தீவில் உள்ளது, இயங்குகிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறலாகாது. எனவே கடைசி நாளைக் கரைக்கென ஒதுக்கச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கேற்ற கடலைத் தேர்ந்து, நலமுடன் இல்லம் திரும்புவதே நற்பயணம்.