அற்புதமும் ஆவணமும்

அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார். எந்த ஆண்டு, யார் சாட்சி என்று எவரும் கேட்பதில்லை. பங்குனியில் முதலைவாய்ப் பிள்ளை உற்சவம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வீரப்பூர்ப் படுகளத்தில் பொன்னர் சங்கர் மாண்டு எழுவதற்கும் நாம் கல்வெட்டைத் தேடிப் போவதில்லை. உடுக்கைச் சத்தம் கேட்டால் போதும், கண் கலங்கிவிடும். தொன்மத்தோடு எப்படிப் பழகுவது என்று கொங்குக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆவணத்தோடு பழகுவதில்தான் நமக்குச் சுணக்கம். இரண்டு ஆயர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலாமவர் ஜோர்டானுஸ் கதலானி. பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியைச் சேர்ந்த தொமினிக்கன் துறவி. 1321இல் மும்பையை அடுத்த தாணேயில் தம்மோடு வந்த நான்கு பிரான்சிஸ்கன் துறவிகள் கொல்லப்பட, இவர் மட்டும் தப்பினார். 1329 ஆகஸ்டில் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் இவரைக் கொல்லத்தின் ஆயராக நியமித்தார். இந்திய மண்ணில் லத்தீன் திருச்சபை ஏற்படுத்திய முதல் மறைமாவட்டம் அது. அதன் பிறகு மனிதர் காற்றில் கரைந்துவிட்டார். கொல்லம் வந்து சேர்ந்தாரா என்பதற்கே உறுதியான சான்று கிடையாது. தாணேயில் கல்லெறிபட்டு இறந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கொல்லம் மறுபடியும் மறைமாவட்டமாக 1886 வரை காத்திருக்க நேர்ந்தது.

எஞ்சியவை இவருடைய இரண்டு கடிதங்களும், இந்தியாவின் அதிசயங்களைப் பற்றிய ஒரு சின்ன லத்தீன் நூலும்தான். அந்த நூலில் பலாப்பழம் வருகிறது. ஒரு பழம் ஐந்து பேருக்குப் போதும் என்கிறார். மாவும் தென்னையும் யானையும் வருகின்றன. தலையில் மாணிக்கம் சுமக்கும் பறவைநாகங்களும் வருகின்றன. ஆனால் அந்த இடத்தில் மனிதர் நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறார்: அவை வாழும் தேசத்துக்கு நான் போனதில்லை, நம்பத்தகுந்தவர்கள் சொல்லக் கேட்டதுதான் என்று. கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதியவரின் முடிவே கேள்விச்செய்தியாகிப் போனது.

இரண்டாமவர் நம்மவர். கோவையிலிருந்து அவிநாசிக்குப் போகும் சாலையில் கருமத்தம்பட்டி. அக்டோபர் வந்தால் செபமாலை அன்னையின் தேருக்கு நாலு திசையிலிருந்தும் ஜனம் வந்து இறங்கும் ஊர். 1846 அக்டோபர் 4 அன்று இந்த ஊரில்தான் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் என்ற முப்பத்திரண்டு வயது பிரெஞ்சுக் குரு ஆயராகத் திருநிலை பெற்றார். 1813இல் பிறந்தவர், 1842இல் புதுச்சேரிக்குக் கப்பலேறி வந்தவர். 1850இல் கோயம்புத்தூர் தனி ஆட்சிப் பகுதியானபோது அதன் முதல் தலைவர் இவரே.

இவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. இந்த மண்ணின் பிள்ளைகள் குருக்களாக வேண்டும். வெறும் உதவிக் குருக்களாக அல்ல, நாளை திருச்சபையை நடத்தும் தகுதியோடு. 1844இல் புதுச்சேரியில் கூடிய ஆலோசனைச் சங்கமும் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதே முதல் வேலை என்றது. சங்கம் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டவர் பிரெசிலாக். புதுச்சேரி குருமடத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. சக மிஷனரிகள் பலருக்கு அந்த அவசரம் இல்லை. அதோடு சாதி வழக்கங்கள் பற்றிய தகராறு வேறு. எதைச் சமூகப் பழக்கம் என்று விட்டுவிடலாம், எது மறைக்கு விரோதம் என்பதில் மிஷனரிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 1744இலேயே ரோம் கண்டிப்பான ஆணை போட்டு, அதைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியமும் வாங்கியது. நடப்போ வேறாக இருந்தது. சத்தியம் செய்த வாயோடு கண்ணை மூடிக்கொள்ள இவரால் முடியவில்லை. தெளிவான பதில் கேட்டு ரோமுக்கு எழுதினார், நேரிலும் போனார். பதில் வரவில்லை. 1855இல் பதவி விலகல் ஏற்கப்பட்டது.

அடுத்த ஆண்டே, 1856 டிசம்பர் 8 அன்று, லியோனில் ஆப்பிரிக்க மறைபோதகச் சபையைத் தொடங்கினார். 1859 மே 14 அன்று சியரா லியோனின் ஃபிரீடவுனில் இறங்கினார். ஊரெங்கும் மஞ்சள் காய்ச்சல். ஆறே வாரத்தில், ஜூன் 25 அன்று, உயிர் போனது. வயது நாற்பத்தைந்து. 2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் இவரை வணக்கத்துக்குரியவராக அறிவிக்க ஒப்புதல் தந்தார்.

இனி அருளாளர் நிலைக்கு உயர ஓர் அற்புதம் வேண்டும், புனிதர் ஆக இன்னொன்று. திருச்சபையின் நடைமுறை அது. அதில் நாம் தலையிடுவதற்கில்லை. நம் கவலை வேறு. அற்புதம் கிடைத்த மறுநாளே படம் அச்சாகும், நவநாள் தொடங்கும், காய்ச்சல் தீர்ந்த கதைகள் பெருகும். ரோமைப் பார்த்துக் கேள்வி கேட்ட கோவை ஆயர், தூபப் புகைக்குள் காணாமல் போவார். கதலானியைத் தொன்மமாக்கியது ஆவணம் இல்லாமை. பிரெசிலாக்கைத் தொன்மமாக்கினால், அது நாம் ஆவணத்தைப் படிக்காமல் விட்டதால்தான் இருக்கும்.

ஏனென்றால் இந்த மனிதர் எழுதிக் குவித்திருக்கிறார். நாட்குறிப்பு, கடிதங்கள், பன்னிரண்டு ஆண்டு இந்திய வாழ்வின் நினைவுக்குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சேலமும் கோவையும் எப்படி இருந்தன, சாதி கோயிலுக்குள் எப்படி உட்கார்ந்திருந்தது, அதை ஒரு வெளியூர்க்காரர் எப்படிச் சரியாகவும் தவறாகவும் புரிந்துகொண்டார் என்பதற்கு அவை மூலச் சான்று. கத்தோலிக்கருக்கு மட்டுமான சொத்தல்ல அது. கொங்கு வரலாறு எழுத உட்காருகிற எவருக்கும் தேவையானது. மறைமாவட்டமும் நம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, பிரெஞ்சு அறிந்த தமிழர்களைக் கொண்டு, குறிப்புகளோடு கூடிய முழுமையான ஆய்வுப் பதிப்பாக அவற்றைத் தமிழில் கொண்டுவர வேண்டும். சங்கடமான பக்கங்களையும் வெட்டாமல் தர வேண்டும்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பழைய கோயில் இடிக்கப்படுமுன் கல்லறைக் கல்வெட்டுகளைப் படமெடுத்து வையுங்கள். ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் பூச்சி அரிக்கும் அலமாரியில் கிடந்தால், பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டு ஒவ்வொரு பக்கத்தையும் பிரதி எடுங்கள். படியெடுத்துத் தருபவற்றை வெளியிட இந்த இதழில் பக்கங்கள் ஒதுக்கத் தயாராக இருக்கிறோம். அற்புதம் நம் கையில் இல்லை. இந்த வேலை இருக்கிறது.