'ஆதாரம் என்ன?' என்று கேட்பது அவமரியாதையா?



ரமளான் வந்துவிட்டால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் மருத்துவச் செய்திகள் பெருகிவிடுகின்றன. இன்ன எண்ணெய் கொழுப்பைக் கரைக்கும், இன்ன விதை சர்க்கரை நோயை வேரறுக்கும் என்கின்றன அவை. அனுப்பியவர் ஹாஜியார் என்பதால் எவரும் ஆதாரம் கேட்பதில்லை. கேட்கும் பிள்ளையையும் 'பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே' என்று அடக்கிவிடுகிறோம். இதை நம்பி மாத்திரையை நிறுத்துவோரும் நம்மிடையே உண்டு.

கொழுப்பைப் பற்றிய ஓர் உண்மை எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. குறுவையும் தாளடியும் விளையும் வயல்களுக்கிடையே, திருவாரூரை அடுத்த நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. கூத்தாநல்லூர் மக்களுக்கு அது அண்டை ஊர். அங்கே பேராசிரியராகப் பணியாற்றியவர் ராம் ராஜசேகரன். அதற்கு முன்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகவும், மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். உயிரணுக்கள் கொழுப்பை எவ்வாறு உருவாக்குகின்றன என்ற ஒரே வினாவைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தவர்.

உயிரணுவின் சவ்வுகளில்தான் கொழுப்பு உருவாகிறது என்பதே பொதுவான கருத்தாக இருந்தது. சவ்வுக்கு வெளியே, உயிரணுவின் நீர்மப் பகுதியிலும் அதற்கான நொதிகள் உள்ளன என்று 2001இல் ஒருவகை ஈஸ்ட்டிலும், 2006இல் நிலக்கடலையிலும் அவருடைய குழு காட்டியது. பின்னர் பிற ஆய்வகங்களும் அவ்வகை நொதியை வேறு தாவரங்களில் ஆராய்ந்தன.

2008இல் அக்குழு சிஜிஐ-58 என்னும் புரதத்தைப் பற்றி எழுதியது. நோன்பின்போது உணவின்றி நேரம் நீளுகையில் சேமித்த கொழுப்பை உடைக்கும் நொதிக்குத் துணைநிற்பது இப்புரதம். இதன் மரபணு இரு பெற்றோர் வழியாகவும் பழுதுபட்டு வந்தால், உடலெங்கும் உயிரணுக்களில் கொழுப்புத் துளிகள் தேங்கும் அரிய நோய் உண்டாகும். உறவுக்குள் மணம் முடிக்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு இத்தகைய நோய்கள் அந்நியமான செய்தியல்ல. அப்புரதத்திற்குக் கொழுப்புப் பொருள் ஒன்றை உருவாக்கும் திறனும் உண்டு என்பது அக்குழுவின் முடிவு. ஆனால் 2014இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை மறுத்தனர். புரதத்தை மேலும் தூய்மைப்படுத்தியபோது அத்திறன் அதில் இல்லை என்பது அவர்கள் கண்டது.

இங்கே எவரும் எவரையும் இகழவில்லை. செய்முறையை முழுமையாக எழுதி வைத்ததனால்தான் பிறர் அதைச் சோதிக்க முடிந்தது. மறுத்தவர்களும் தம் செய்முறையை அவ்வாறே திறந்து வைத்தனர். ஓர் ஆய்வாளரின் பதிவேட்டில் உறுதிப்பட்டவையும் மறுக்கப்பட்டவையும் அருகருகே நிற்கின்றன. அவ்வாறு நிற்பதே அப்பதிவேட்டின் நேர்மை.

இம்முறை நமக்குப் புதிதன்று. ஹதீஸ்கலை அறிஞர்கள் ஒவ்வோர் அறிவிப்புக்கும் 'யாரிடமிருந்து கேட்டீர்?' என்று வினவினார்கள். இறையச்சத்தில் சிறந்தவராயினும், நினைவாற்றல் குறைந்தவரின் அறிவிப்பை 'ளயீஃப்' என்று ஒதுக்கினார்கள். அறிவிப்பாளரின் குறையை எடுத்துரைப்பதைப் புறம் பேசுதல் என்று அவர்கள் கருதவில்லை. மார்க்கத்தைக் காக்கும் கடமை என்றே கருதினார்கள். வஹீயும் ஆய்வுக்கூட முடிவும் ஒன்றல்ல. எனினும் வந்த செய்தியை உறுதிசெய்யும் பொறுப்பு இரண்டிலும் நம்முடையதே. ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கற்பிப்பதும் அதுவே.

நபிமொழிக்கே ஆதாரம் கேட்ட சமுதாயம், எண்ணெய் பற்றிய செய்திக்கு ஆதாரம் கேட்பதை அவமரியாதை என்று கருதலாமா? ஆகவே மருத்துவச் செய்தி ஒன்று வந்தால் மூன்றைக் கேட்போம்: இதைக் கண்டறிந்தவர் யார்? எங்கே எழுதினார்? வேறெவரேனும் சோதித்தார்களா? விடை கிடைக்காவிடில் அடுத்தவருக்கு அனுப்பாதிருப்போம். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதிருப்போம்.

நம் வீட்டுப் பிள்ளை கேள்வி கேட்டால் அடக்காமல், விடை தேடும் வழியைக் காட்டுவோம். அந்தப் பிள்ளைகளிலிருந்தும் நாளை ஆய்வாளர்கள் எழுவார்கள், இன்ஷா அல்லாஹ்.