மீற்றர் வைக்காமல் சொல்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய ஹைபிரிட் வாகனம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் அக்வா ஒருநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சாவியால் திறந்து பட்டனை அமத்தினால், எல்லா லைட்டும் மங்கலாக மின்னி அணைந்தது. கராஜிலிருந்து வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சேர், ஹைபிரிட் பெட்டரி போய்ட்டு" என்றார். மீற்றர் இல்லை, ஸ்கேனர் இல்லை, பின் சீற்றைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அவர் சொன்ன தொகையைக் கேட்டு மனிசன் மனைவியின் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். நல்ல காலம், பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் மீற்றரைக் கொண்டுவந்து சின்னப் பெட்டரியை அளந்தார். 9 வோல்ட்கூட இல்லை. அதை மட்டும் மாற்றினார்கள். வாகனம் இன்றைக்கும் பாடசாலைக்கு வருகிறது.

இப்படி எத்தனை பேர் நகையை அடகு வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹைபிரிட்டில் இரண்டு பெட்டரி இருக்கிறது. பெரியது பிரியஸில் 201.6 வோல்ட், அக்வாவில் 144 வோல்ட். சின்னது, எல்லா வாகனத்திலும் இருக்கும் அதே 12 வோல்ட். எஞ்சினைச் சுற்றி எழுப்புவது பெரியது. ஆனால் கொம்பியூட்டரை எழுப்புவதும், பெரிய பெட்டரியை வாகனத்தோடு இணைக்கும் ரிலேயை இழுப்பதும் சின்னதுதான். சின்னது படுத்துவிட்டால் பெரியதில் முழுச் சார்ஜ் இருந்தும் பிரயோசனமில்லை. வீட்டுக்குள் சோறு இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது, அவ்வளவுதான்.

சாதாரண பெற்றோல் வாகனத்தில் பெட்டரி பலவீனமானால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், நமக்கு முன்கூட்டியே விளங்கும். ஹைபிரிட்டில் அந்தச் சத்தமே கிடையாது. நேற்று நன்றாக ஓடியது, இன்றைக்குச் செத்துக் கிடக்கும். வோல்ட் குறைந்தால் கொம்பியூட்டர் குழம்பிப்போய் சம்பந்தமில்லாத எச்சரிக்கை லைட்டுகளையும் போடும். அந்த லைட்டுகளைக் காட்டித்தான் நம்மைப் பயமுறுத்துகிறார்கள்.

இந்த நாட்டில் இது ஏன் இவ்வளவு நடக்கிறது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வாசல் மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் இருந்த வாகனத்தைத்தான் கட்டி ஓட்டினோம். ஊரடங்கில் வாரக் கணக்கில் ஓடாமல் நிறுத்தி வைத்தோம். 2022இல் பெற்றோல் வரிசையில் வாகனத்தை முழுதாக ஸ்டார்ட் பண்ணாமல், ஏசிசியில் வைத்து ரேடியோ கேட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். ஹைபிரிட்டில் அல்டர்நேட்டர் இல்லை. டேஷ்போர்ட்டில் 'ரெடி' என்று வந்தால்தான் பெரிய பெட்டரியிலிருந்து சின்னதுக்குச் சார்ஜ் ஏறும். இதை நமக்கு யார் சொல்லித் தந்தது? வாகனத்தோடு வந்த கையேடு ஜப்பான் மொழியில் டேஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கிறது.

"அப்போ எல்லாக் கராஜ்காரரும் கள்ளனா சேர்?" என்று கேட்பீர்கள். இல்லை. படிக்க வாய்ப்பில்லாமல் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். பெரிய பெட்டரி உண்மையாகவே பழுதாவதும் உண்டு. திரையில் சார்ஜ் கோடுகள் சட்டென ஏறி இறங்கும், பெட்டரிக்குக் காற்றடிக்கும் ஃபேன் அடிக்கடி இரையும், பெற்றோல் கூடக் குடிக்கும். ஆனால் அளக்காமல் சொல்வதற்கு என்ன நியாயம்? தெரியாதவர் "தெரியாது" என்று சொல்லலாமே. அரைக் கிலோ மீன் வாங்கும்போது தராசு முள்ளை உற்றுப் பார்க்கிறோம். அளவையில் மோசடி செய்பவர்களைப் பற்றிக் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. இலட்சக் கணக்கில் போகிற விஷயத்தில் தராசே இல்லாமல் விலை சொல்கிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம். மீற்றர்தான் இங்கே தராசு.

அதை எப்படி வாசிப்பது என்று தரம் 10 பிள்ளைகூடச் சொல்லும். வாகனம் ஓய்ந்திருக்கும்போது 12.6 அளவில் இருந்தால் நல்ல பெட்டரி. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 11.8க்குக் கீழே என்றால் காலி. 'ரெடி'யில் 14க்குக் கிட்ட வரவேண்டும், வராவிட்டால் கோளாறு வேறெங்கோ. எஞ்சின் அறைக்குள் மட்டும் தேடாதீர்கள். பிரியஸில் சின்னப் பெட்டரி டிக்கியின் ஓரத்தில், அக்வாவில் பின் சீற்றுக்குக் கீழே.

அவசரத்துக்கு எழுப்ப, முன்னால் ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட பிளஸ் முனை இருக்கிறது. மைனஸை எஞ்சின் அறையில் பெயின்ட் இல்லாத இரும்பில் பிடியுங்கள். எஞ்சினைச் சுற்றும் வேலை இதற்கு இல்லாததால் பெரும்பாலும் ஆட்டோவின் 12 வோல்ட் பெட்டரியே போதும். பிளஸ் மைனஸ் மாறினால் மட்டும் கதை கந்தல். ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம், கன்வெர்ட்டர் வரைக்கும் எரியலாம். செம்மஞ்சள் வயர் எதையும் தொடவே வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணப் பார்ப்பதையும் விடுங்கள், ஹைபிரிட் அப்படி ஸ்டார்ட் ஆகாது. உங்கள் ஹைபிரிட்டிலிருந்து அடுத்தவரின் பெற்றோல் வாகனத்துக்கு வயர் கொடுக்கவும் வேண்டாம். அவருடைய ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுவையை உங்கள் கன்வெர்ட்டர் தாங்காமல் போகலாம். உதவ விருப்பமென்றால் அவரை ஏற்றிக்கொண்டு போய்ப் பெட்டரி வாங்கிக் கொடுங்கள்.

இன்னொரு அநியாயம். "விலை குறைவாக ஒன்று இருக்கு சேர்" என்று சாதாரண அசிட் பெட்டரியை இந்த வாகனங்களுக்குள் வைக்கிறார்கள். பெட்டரி இருப்பது ஆட்கள் உட்காரும் பகுதிக்குள். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதனால்தான் கொம்பனி, வாயுவை வெளியே விடும் குழாயோடு ஏஜிஎம் பெட்டரியைப் போட்டிருக்கிறது. பின் சீற்றில் உட்காருவது நம்மட பிள்ளைகள். சில ஆயிரம் ரூபா மிச்சத்துக்காக இதற்குச் சம்மதிக்காதீர்கள். குழாயை மறுபடி மாட்டினார்களா என்று கண்ணால் பாருங்கள். பழைய பெட்டரியையும் கேட்டு வாங்குங்கள்.

எங்கட ஊர்க் கராஜ்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளரின் கண்முன்னே அளந்து, எண்ணைக் காட்டி, பிறகு விலை சொல்கிறவர் உங்களில் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். நானே வந்து பார்த்து உங்கள் கடையின் பெயரோடு அடுத்த பதிவைப் போடுகிறேன்.