கணக்கில் ஏறாத சாவுகள்

பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி காரப்பள்ளம் வரை போகும் நெடுஞ்சாலையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றைக்கும் சத்தியமங்கலத்து டீக்கடைகளில் அதே பேச்சுதான்: “பத்து வருசத்துல செத்தது நூத்தம்பது மிருகம். அதுக்குப் போய் ரோட்டையே மூடுறதா?”

2012 முதல் 2021 வரை 155 விலங்குகள் என்பது வனத்துறைக் கணக்கு. 2022 பிப்ரவரியில் தடையை நடைமுறைப்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது எல்லோர் வாயிலும் அடிபட்ட எண் அது. ஆனால் அது யாரோ பார்த்து எழுதிவைத்த சாவுகளின் எண்ணிக்கை மட்டுமே.

தடைக்கு முந்திய ஓர் ஐப்பசியில், மழைக்கு மறுநாள் விடியற்காலை ஆசனூருக்குக் கீழே வண்டியை நிறுத்தி இறங்கினேன். தாரோடு தாராக ஒரு பக்கிக்குருவி ஒட்டிக்கிடந்தது. ஒற்றைச் சிறகு மட்டும் மேலே நீட்டிக்கொண்டு, லாரி கடக்கும்போதெல்லாம் படபடத்தது. பகல் வெயிலை வாங்கிய தார் இரவில் கதகதப்பாக இருக்கும். பக்கி வந்து உட்காரும், பாம்பும் வந்து படுக்கும். நசுங்கிய தவளைகளை எண்ணத் தொடங்கி, நாற்பதோடு விட்டுவிட்டேன். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தபோது காக்கைகள் தின்றதுபோக மிச்சத்தை டயர்கள் துடைத்திருந்தன. அடிபட்டுப் புதருக்குள் நொண்டிப்போய்ச் சாகும் புள்ளிமானும் இப்படித்தான், எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

“மிருகந்தானே ரோட்டுக்கு வருது” என்கிறார்கள். கிழக்கு மலைத்தொடரும் மேற்கு மலைத்தொடரும் கைகோக்கும் காடு இது. யானைகள் நடந்த தடத்தின் குறுக்கே நாம்தான் சாலை போட்டோம். காரப்பள்ளத்தில் யானை கரும்பு லாரியை மறிக்கும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். கரும்பை உருவி வீசி அதைப் பழக்கியது யார்?

“மெதுவா போனா போதாதா?” இதைத்தான் பலரும் நியாயம் என்று நம்புகிறார்கள். வேகம் குறைந்தால் அடிபடுவது குறையும், உண்மை. ஆனால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு லாரி பழுதாகி நின்றால் பின்னால் வரிசை மைல்கணக்கில் நீளும். விளக்கு, ஹாரன், டீசல் புகை. அந்த வரிசை ஒரு மானைக்கூடக் கொல்லாது. ஆனால் தண்ணீருக்கு இறங்கிய யானைக் கூட்டம் குட்டியோடு மறுபக்கம் போக வழியில்லாமல் இருட்டில் நிற்கும். ஊர்ந்துபோகும் லாரிகளும் காட்டுக்குச் சுவர்தான்.

மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் காட்டில் நெடுஞ்சாலையை உயர்த்தி, அடியில் விலங்குகளுக்கு ஒன்பது வழிகள் விட்டிருக்கிறார்கள். புலிகள் அதில் போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. முடிகிற இடத்தில் கட்டட்டும். செங்குத்தான திம்பம் சரிவில் அப்படிக் கட்டுவது நடக்கிற காரியமில்லை.

மிச்சமிருப்பது, மலைமேல் இருக்கும் தாளவாடி விவசாயியின் குறை. அதை மட்டும் நான் தட்டமாட்டேன். ஆம்புலன்ஸுக்குத் தடையில்லை, உள்ளூர் வண்டிகளுக்கும் பிறகு நீதிமன்றமே தளர்வு கொடுத்தது. பந்திப்பூரில் 2009 முதல் இரவு ஒன்பது மணிக்குச் சாலை மூடப்படுகிறது. மைசூரிலிருந்து வயநாட்டுக்குப் போகும் லாரிகள் கோணிக்கொப்பல், குட்டா வழியாகச் சுற்றிப் போகின்றன. வியாபாரம் நின்றுவிடவில்லை. தாளவாடியின் முட்டைக்கோசு வண்டி சோதனைச் சாவடியில் காத்துக்கிடக்கிறது என்றால் அதைத் தீர்க்கச் சொல்லி மனுக் கொடுப்போம், நானும் வருகிறேன். இரவெல்லாம் எல்லா லாரிகளையும் விடச் சொல்லும் மனுவில் என் கையெழுத்து இருக்காது.