தாண்டியவரும் தாண்டுவித்தவரும்

அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. கோல்ஃப் ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டு, ஊர் ஊராகச் சென்று ஆடி, பெரும்பரிசு எதுவும் கைக்கு எட்டாமலே வயது கடந்துவிட்ட ஆட்டக்காரர் சிலரை அழைத்து, மாணவர்க்குப் பயிற்சி ஆசிரியராக அமர்த்துவர். வெற்றியை அருகிலிருந்து பார்த்தும் அதைத் தொடாத மனிதருக்கு, அது எங்கே நழுவுகிறது என்பது நன்கு தெரியும். அதனை அறிந்தே அவருக்குச் சம்பளம் தருகின்றனர். நம் பாலக்காட்டுச் சீமையில் கோல்ஃபும் இல்லை, அத்தகைய உத்தியோகமும் இல்லை. ஆயினும் அவ்வகை மனிதர் இங்கும் உண்டு. முண்டூர், பறளி முதலிய ஊர்களின் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர்களாக அவர்களைக் காணலாம். ஒரு வீட்டிலோ அவர் தந்தையாகவே இருந்தார். இத்திங்கள் அவரைப்பற்றி எழுத விழைகின்றோம்.

அவர் பெயர் எஸ். முரளி. மும்முறை தாண்டுதலில் இந்தியாவின் சார்பில் பங்குகொண்டு, தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். அவர்தம் மனைவியார் பிஜிமோள் 800 மீட்டர் ஓட்டத்தில் ஆசிய இளையோர் பதக்கம் பெற்றவர். இருவரும் சிறந்த வீரர்களே. ஆயினும் உலகம் அவர்கள் பெயரை உரக்கச் சொல்லவில்லை. அவர்கள் மைந்தன் ஸ்ரீசங்கர் 1999ஆம் ஆண்டில் பிறந்தான். அவனுக்கு நீளம் தாண்டக் கற்பித்தவர் தந்தையே.

நீளம் தாண்டுதல் என்றால் ஓடிவந்து குதிப்பதுதானே என்று நம்மில் பலர் எண்ணியிருப்போம். நாற்பது மீட்டருக்கும் மேலாக முழு வேகத்தில் ஓடிவந்து, இருபது சென்டிமீட்டர் அகலமே உள்ள பலகையில் கால் பதிக்க வேண்டும். பலகையின் முன்விளிம்பை ஒரு நூலளவு தாண்டினாலும் அம்முயற்சி கணக்கில் வராது. ஒரு சாண் முன்னரே கால் வைத்தாலோ அந்தச் சாண் வீணாகும். காற்று மாறினால் காலடியும் மாறும். இவற்றைப் பார்த்துச் சொல்ல ஓரமாக ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஒருவர் வீட்டிலும் இருப்பவராயின் பையனின் பாடு எளிதன்று! பதினெட்டு வயது நிரம்பும்வரை சமூக வலைத்தளங்கள் பக்கம் மகன் செல்லக் கூடாதெனத் தந்தை விதித்திருந்தார் என்று பத்திரிகைகளில் படித்தோம். இக்காலத்தில் இதனை நடத்திக் காட்டிய பெற்றோரை வணங்கவே தோன்றுகிறது. பையன் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் கணிதமும் பயின்றான்.

2018ஆம் ஆண்டில் குடல்வால் வெடித்து, காமன்வெல்த் போட்டிக்குச் செல்ல இயலாமற்போயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் புவனேசுவரத்தில் 8.20 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். 1974இல் டெஹ்ரானில் நம் கேரளத்து டி. சி. யோகன்னான் தாண்டிய 8.07 மீட்டர் முப்பது ஆண்டுகள் அசையாமல் நின்றதை அறிந்தவர்க்கு இவ்வளவின் அருமை விளங்கும். 2021 மார்ச்சில் 8.26 மீட்டர் தாண்டினார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வழி திறந்தது.

டோக்கியோவில் தாண்டியது 7.69 மீட்டரே. தகுதிச் சுற்றோடு திரும்பினார். உடனே பழி ஆசிரியர்மேல் விழுந்தது. தந்தையைப் பயிற்சிப் பொறுப்பினின்று நீக்குவதாக இந்தியத் தடகளச் சம்மேளனம் அறிவித்தது.

சம்மேளனத்தின் கூற்றில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். தந்தை ஆசிரியராக இருக்கும்போது மகனின் களைப்பை மிகையாகவும் காணலாம், காணாமலும் விடலாம். அயல்நாட்டு நிபுணருக்கு அத்தளை இல்லை. எனினும் ஒரு நாள் தாண்டாததற்கு உறவுமுறையைக் குற்றஞ்சாட்டுவோர், அதே உறவுமுறையால் 8.26 மீட்டர் வந்ததை மறந்தது முறையன்று. வேறோர் ஆசிரியரின் மாணவன் தோற்றால் மாணவன் தோற்றான் என்பர். தந்தையின் மாணவன் தோற்றால் மட்டும் வீட்டையே விசாரிப்பர்.

மகன் தந்தையை விடவில்லை. அடுத்த ஆண்டிலேயே, 2022 ஏப்ரலில், தேஞ்ஞிப்பலத்தில் 8.36 மீட்டர் தாண்டினார். ஜூலையில் அமெரிக்காவின் யூஜீன் நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஏழாமிடம் பெற்றார். நீளம் தாண்டுதலில் அவ்விறுதிச் சுற்றை எட்டிய முதல் இந்திய ஆடவர் அவரே. ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. நான்கு முயற்சிகள் முடிந்தும் பதக்கம் கைக்கு வரவில்லை. ஐந்தாவதில் 8.08 மீட்டர். பஹாமாஸ் தீவின் லக்வான் நேர்ன் தாண்டியதும் அதே 8.08தான். அளவு ஒத்திருந்தால் இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்ப்பது விதி. அவருக்கு 7.98, நம்மவருக்கு 7.84. பொன் அங்கே சென்றது, வெள்ளி இங்கே வந்தது. முன்பொரு காலத்தில் தந்தை பெற்றதும் வெள்ளியே. ஆனால் மகன் பெற்றது பன்மடங்கு பெரிய அரங்கில்.

2023இல் புவனேசுவரத்தில் 8.41, பாங்காக் ஆசியப் போட்டியில் 8.37, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 8.19 மீட்டரும் வெள்ளியும் என நற்செய்திகள் வந்தன. பாரிஸ் ஒலிம்பிக்கிற்கும் தகுதி கிட்டியது. 2024 ஏப்ரலில், பயிற்சியின்போது முழங்கால் தசைநார் அறுந்தது. தோஹாவில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒலிம்பிக் கனவு அவ்வளவோடு நின்றது. தாண்டுபவனுக்கு முழங்கால் போவது, வீணை வாசிப்பவனுக்கு விரல் போவது போன்றது. நடை பழகி, ஓட்டம் பழகி, பலகைக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 2025 ஜூலையில் பூனாவில் 8.05 மீட்டர் தாண்டி வென்றார். ஆகஸ்டில் புவனேசுவரத்தில் 8.13 மீட்டர் தாண்டி வென்றார். செப்டம்பரில் அதே டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் மீண்டும் தகுதிச் சுற்றைக் கடக்கவில்லை. ஆனால் இம்முறை அவர் அங்குச் சென்றது, அறுந்து தைத்த முழங்காலோடு.

நல்லேப்பிள்ளி, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலிருந்து வெளியூர் சென்று வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகளை நீச்சலுக்கும் பூப்பந்துக்கும் அனுப்பும் பெற்றோர் பலர். பெரிய பெயருடைய பயிற்சியாளர் கிடைப்பாரா என்றே அவர்கள் முதலில் கேட்கின்றனர். விடுமுறையில் ஊர் வரும்போது பாலக்காட்டு மருத்துவக் கல்லூரி மைதானத்துச் செயற்கை ஓடுபாதைப் பக்கம் ஒரு காலைப்பொழுது சென்று நிற்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். முரளி தம் மகனைப் பழக்கிய மைதானம் அதுதான்.