வெள்ளை நாயின் சிவந்த கண்

ராஜபாளையம் நாய்க்குப் பெருமைகள் நிறைய. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை அதற்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இந்த இனத்தைக் காக்க சென்னை சைதாப்பேட்டையில் அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவும் இருந்தது. ஆனால் அது பிறந்த மண்ணிலேயே, அதன் கண்ணில் வரும் நோயை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவை. வெள்ளை நிறத்தோடு ஒட்டி வரும் குறை அது. அப்படிப்பட்ட நாய் கைச் சைகையைப் பார்த்தே வளர்கிறது. அதற்குப் பார்வையும் போனால் மோப்பத்தைத் தவிர வேறு துணை ஏது?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூக்கைப் போலவே இமை விளிம்பிலும் கருமை இருக்காது. இயல்பாகவே இளஞ்சிவப்பாகத் தெரியும். அதையே பார்த்துப் பழகியவருக்கு அழற்சியின் சிவப்பு உறைப்பதில்லை. அதனால் நாய் நலமாக இருக்கும் நாளிலேயே, வெளிச்சத்தில் வைத்து இரண்டு கண்களையும் ஒப்பிட்டுப் பார்த்து மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். நன்றாக ஓடியாடும் நாயின் கண்ணோரம் காலையில் கொஞ்சம் பீளை இருந்தால் துடைத்துவிட்டால் போதும். ஒரு கண்ணை மட்டும் இடுக்குகிறது, முன்னங்காலால் தேய்க்கிறது, வெளிச்சத்துக்கு முகம் திருப்புகிறது என்றால் அது வலி. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சீமைக்கருவேல முள் நிறைந்த நம் காட்டில் ஓடும் நாய்க்குக் கருவிழியில் கீறல் விழுவது எளிது. அப்போது வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடுவதுதான் ஆகப் பெரிய ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆறாது. ஆழமாகி விழியே ஓட்டையாகலாம். மருத்துவர் ஒரு சொட்டுச் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால், புண் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும். சில நிமிடச் சோதனைதான். அதைச் செய்யாமல் எந்தச் சொட்டும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம்.

‘பூ விழுந்திருச்சு, வயசாயிருச்சு’ என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. ஏழெட்டு வயதில் இரண்டு கண்களிலும் ஒன்றுபோல மெல்ல வரும் நீலச் சாம்பல் மங்கல் பெரும்பாலும் முதுமைதான்; பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. ஒரே கண் திடீரென வெளுத்துச் சிவந்து, கண் பாப்பா விரிந்து, விழி பெருத்தாற்போல் தெரிந்தால் அது கண் அழுத்த நோயாக இருக்கலாம். ஓரிரு நாள் தாமதித்தாலே பார்வை திரும்பாமல் போய்விடும்.

உண்ணிக் காய்ச்சலும் கண்ணில் தெரியும். உண்ணி கடித்துத் தொற்றும் எர்லிக்கியா கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைப்பதால் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம், விழி கலங்கலாம். கூடவே சோர்வு, தீனி எடுக்காமை, மூக்கில் ரத்தம் இருந்தால் கண்ணுக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. ரத்தப் பரிசோதனை தேவை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலில் வைத்தியநாதரிடம் நோய் தீர வேண்டிக்கொள்பவர்கள் ஆஸ்பத்திரிக்கும் போகாமல் இருப்பதில்லை. வாயில்லா ஜீவனுக்கும் அந்த அக்கறையைக் காட்டுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளூர் மருத்துவர் சொன்னால் தயங்காமல் அங்கே கொண்டுபோங்கள். இந்த இனத்தைக் கொண்டாடும் அரசு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை மருத்துவமனைகளில் கண் புண்ணைக் காட்டும் சாயத் தாளுக்கும் கண் அழுத்தம் அளக்கும் கருவிக்கும் என்றும் குறைவில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.