18 ஆண்கள், 1 பெண்: டெரிடோரியல் ஆர்மியும் நம் வீட்டு வாசலும்

2025இல் டெரிடோரியல் ஆர்மிக்கு அதிகாரிகள் வேண்டும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. மொத்தம் 19 இடங்கள். ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 1. அச்சுப்பிழை இல்லை சார், 2023 அறிவிப்பிலும் இதே கணக்குதான். ஸ்ரீநகரிலிருந்து நாகர்கோவில் வரை பட்டம் வாங்கி, வேலை பார்த்து, காலையில் எழுந்து ஓடவும் தெரிந்த அத்தனை பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாற்காலி. மியூசிக்கல் சேரில்கூடக் கடைசி ரவுண்டில்தான் ஒரு நாற்காலி இருக்கும். இங்கே ஆட்டம் ஆரம்பிப்பதே ஒன்றில்.

ராணுவத்தைத் திட்டப் போகிறேன் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். பாதித் திட்டுதான் அவர்களுக்கு. மீதி நமக்கு. டில்லி, மும்பை, புனே, பெங்களூர் என்று பிழைக்க வந்து, பிள்ளைகளை இந்திக்கும் தமிழுக்கும் நடுவே வளர்த்துக்கொண்டிருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு. அவர்கள் கதவை முக்கால்வாசி மூடி வைத்திருக்கிறார்கள். மிச்சக் கால்வாசியை நாம் சம்பளம் வாங்காமல் மூடிக் கொடுக்கிறோம்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். டெரிடோரியல் ஆர்மி என்றால் நம் ஆட்களுக்கு தோனி மட்டும்தான் ஞாபகம் வருகிறார். 2011இல் அவருக்குக் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தார்கள், 2019இல் காஷ்மீரில் போய் இருந்துவிட்டும் வந்தார். நல்ல விஷயம். ஆனால் இது கிரிக்கெட்காரர்களுக்குச் சீருடை மாட்டிப் பார்க்க ஏற்பட்ட அமைப்பு இல்லை. 1948இல் சட்டம் போட்டு, 1949 அக்டோபர் 9ஆம் தேதி அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கிவைத்த படை. வேலை பார்க்கிற சாதாரண ஜனங்கள் வருஷத்தில் கொஞ்ச நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, கூப்பிட்டால் வந்து நிற்க வேண்டும். முழுநேரப் படை எல்லைக்குப் போகும்போது பின்னால் இருக்கிற கிடங்கு, பாலம், முகாம், முக்கியமான நிலையங்கள் எல்லாவற்றையும் காப்பது, வெள்ளம் வந்தால் ஜனங்களுக்கு உதவுவது, இதெல்லாம் இதன் பொறுப்பு. 1962, 1965, 1971 போர்களில் இருந்தது. 2025 மே 6ஆம் தேதி மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டு, மொத்தம் உள்ள 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐ அழைத்துக்கொள்ளலாம் என்று தளபதிக்கு அதிகாரம் கொடுத்தது. ஆக, இது பொழுதுபோக்குக் கிளப் இல்லை.

இப்போது நம் வீட்டுக் கதை. எங்கள் மயூர் விஹார் பகுதியில் எதிர்வீட்டில் ஒரு தமிழ்ப் பெண். 26 வயது, வங்கியில் வேலை, கல்லூரியில் என்சிசி, 'சி' சர்டிபிகேட் வரை போனவள். அந்த 19 இடத்து அறிவிப்பை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரி ரீசனிங் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா என்னிடம் வந்தார்.

"நீங்களாவது சொல்லுங்கண்ணே. பொம்பளப் புள்ள, துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு எங்கேயோ காவல் காக்கணுமாம். நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல என்ன வேலைன்னு கேட்டா என்னன்னு சொல்றது?"

பேங்க் வேலைன்னு சொல்லுங்க, அதுதானே உண்மை என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்குப் பயம் இரண்டு பங்கு. ஒரு கஷ்டம் என்றால் ஓடிவர சித்தப்பா பெரியப்பா பக்கத்தில் இல்லை. ஊருக்குப் போனால் 'டில்லிக்குப் போய்ப் பொண்ணைக் கெடுத்துட்டாங்க' என்ற பேச்சு வேறு. ஆனால் இதே குடும்பங்கள்தானே பெண்ணை ராத்திரி ரெண்டு மணி ஷிஃப்டுக்கு நொய்டாவுக்கும் குர்காவுனுக்கும் கேப் ஏற்றி அனுப்புகிறோம்? அமெரிக்காவில் வேலை என்றால் தனியாக விமானம் ஏற்றுகிறோம். அப்போதெல்லாம் 'காலம் மாறிப்போச்சு' என்கிறோம். சீருடை என்றதும் மட்டும் காலம் சடாரென்று 1950க்குத் திரும்பிப் போய்விடுகிறது. பாதுகாப்புதான் கவலை என்றால் முதலில் அந்தக் கேபை நிறுத்த வேண்டும். நிறுத்த மாட்டோம், அதில் சம்பளம் வருகிறது.

சீருடையிலும் நமக்கு ஒரு ஜாதி உண்டு. ராணுவ நர்ஸ் என்றால் தியாகம், கையெடுத்துக் கும்பிடுவோம். நூறு வருஷத்துக்கு மேலாகப் பெண்கள் அந்த வேலையில் இருக்கிறார்கள். (அந்தத் தியாகத்துக்குக் கிடைத்த மரியாதையையும் சொல்ல வேண்டும். கல்யாணம் செய்துகொண்டதற்காக ஒரு ராணுவ நர்ஸை 1988இல் வேலையை விட்டு அனுப்பினார்கள். அது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்லி 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது 2024இல்.) அடிபட்டவனுக்குக் கட்டுப்போடலாம், ஆனால் அடிபடாமல் காவல் நிற்கக் கூடாது. என்ன கணக்கு இது?

"போர்முனை பெண்களுக்கு ஆகாது" என்பவர்கள் முனை எங்கே இருக்கிறது என்று காட்டட்டும். 2025 மே மாதம் டிரோன்கள் எல்லையோர ஊர்கள் மேலும் விமான தளங்கள் மேலும் வந்தன. ரேடார் பார்க்கிற பெண்ணும் சிக்னல்ஸில் இருக்கிற பெண்ணும் விமானம் ஓட்டுகிற பெண்ணும் அந்தத் தளங்களில்தான் இருக்கிறார்கள். தளத்துக்குள்ளே இருக்கலாம், தளத்தின் வேலியைக் காக்கக் கூடாது என்பது பாதுகாப்பு இல்லை, வெறும் பழக்கம். பிரிட்டனில் விமான தளங்களின் தரைக் காவலுக்கென்றே இருக்கிற ஆர்ஏஎஃப் ரெஜிமென்ட்டை 2017 செப்டம்பரில் பெண்களுக்குத் திறந்துவிட்டார்கள். வேலி ஒன்றும் சாய்ந்துவிடவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? தினமும் டில்லி மெட்ரோவில் உங்கள் மனைவியின் பையைச் சோதிக்கிறவர் சிஐஎஸ்எஃப் பெண். சிஆர்பிஎஃப்பின் 88ஆவது மகளிர் பட்டாலியன் 1986லேயே வந்துவிட்டது. அந்த பட்டாலியனைச் சேர்ந்த கமலேஷ் குமாரி, 2001 டிசம்பர் 13ஆம் தேதி நாடாளுமன்ற வாசலில் காவலில் இருந்தார். உள்ளே நுழைந்த காரைப் பார்த்துச் சந்தேகப்பட்டுச் சத்தம் போட்டு எச்சரித்தவர் அவர்தான். சுட்டுக் கொன்றார்கள். அவர் கையில் இருந்தது வயர்லெஸ் கருவி. துப்பாக்கி கொடுத்திருக்கவில்லை. செத்தபிறகு அசோக சக்ரா கொடுத்தோம்.

பெண்ணைக் காவலுக்கு நிறுத்தலாமா என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் வந்துவிட்டது. மிச்சமிருக்கிற கேள்வி, நிறுத்துகிற பெண்ணுக்கு ஆயுதமும் பயிற்சியும் பதவியும் கொடுப்போமா என்பதுதான்.

சட்டமும் தடை சொல்லவில்லை. 1948 சட்டத்தின் 6ஆவது பிரிவு, இந்தியக் குடிமகனாக உள்ள எந்த நபரும் சேர முன்வரலாம் என்கிறது. 'எந்த நபரும்' என்பதை எழுபது வருஷமாக 'எந்த ஆம்பளையும்' என்று படித்துக்கொண்டிருந்தார்கள். குஷ் கால்ரா என்ற வக்கீல் பொதுநல வழக்குப் போட்டு, 2018 ஜனவரியில் டில்லி உயர் நீதிமன்றம் 'நபர்' என்றால் பெண்ணும்தான் என்று தமிழ் இலக்கண வாத்தியார் மாதிரி விளக்க வேண்டி வந்தது. அதன்பிறகு 2019இலிருந்து பெண் அதிகாரிகளை எடுக்கிறார்கள். எங்கே? மரம் நடுகிற சுற்றுச்சூழல் பட்டாலியன், எண்ணெய்க் குழாய்ப் பிரிவு, ரயில்வே இன்ஜினியர் ரெஜிமென்ட். 2023இல் எல்லைக்கோட்டில் இருக்கும் இன்ஜினியர் ரெஜிமென்ட்டுகளுக்கும் அனுப்பலாம் என்றார்கள். எல்லாம் தேவையான வேலைகள்தான், மரியாதைக்குரியவைதான். ஆனால் காலாட்படை பட்டாலியன்? அப்போதும் மூச். ஜவான் வேலைக்கு 2024 நவம்பரில் கோவையில் ஆள் எடுத்தார்களே, பல மாநிலங்களிலிருந்து பையன்கள் வந்து குவிந்தார்களே, அது முழுக்க ஆண்களுக்கு.

நம் ஆட்கள் சிலர் 'நமக்கு இதெல்லாம் வழக்கமில்லை' என்பார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையை ஆரம்பித்தபோது தலைமை ஏற்றவர் சென்னையில் டாக்டருக்குப் படித்துவிட்டுப் பிழைக்கப் போன லட்சுமி. சேர்ந்த பெண்களில் ஏராளமானவர்கள் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் கூலிகளின் மகள்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள். கோலாலம்பூர் ஜானகி தேவர், பதின்ம வயசு, நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். பர்மா வரை போய், 1945இல் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிக் குண்டுவீச்சுக்கு நடுவே பின்வாங்கியவர்கள் அவர்கள். ஊரை விட்டு ஊர் போன தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் சார். வழக்கமில்லையாம்!

எதிர்வீட்டு அம்மா கேட்ட நடைமுறைக் கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், வேறு வீடுகளிலும் கேட்பார்கள். வேலையை விட வேண்டியதில்லை, வேலையில் இருப்பதுதான் தகுதியே. வயது 18லிருந்து 42 வரை. எழுத்துத் தேர்வு, நேர்காணல், பிறகு எஸ்எஸ்பி. முதல் வருஷம் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, ஒவ்வொரு வருஷமும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு வருஷத்துக்குள் மூன்று மாதம் சென்னை ஓடிஏவில். ஆம், நம் பரங்கிமலையில்தான். 1992இலிருந்து ராணுவத்தின் பெண் அதிகாரிகள் பயிற்சி பெறுகிற இடம். (அவள் பாட்டி வீடு ஆதம்பாக்கத்தில். பெண்ணை எங்கேயோ அனுப்புகிறோம் என்று அழுதவர்கள் சொந்த ஊருக்குத்தான் அனுப்புகிறார்கள்!) பணிக்கு அழைக்கிற காலத்துக்குச் சம்பளம் உண்டு. ராணுவப் பணி முடிந்து வந்தால் பழைய வேலையைத் திருப்பித் தரவும் சட்டத்தில் 7ஏ என்று தனிப் பிரிவு இருக்கிறது. பென்ஷன் நிச்சயமில்லை, அதை மறைக்க வேண்டாம்.

கடைசியாக டில்லியில் முடிவு எடுக்கிற இடத்தில் இருப்பவர்களுக்கு. 'தகுதியான பெண்கள் வருவதில்லை' என்று சொல்வதாக இருந்தால், 1 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. 19 இடத்துக்கும் பொதுவாக ஒரே பட்டியல் போடுங்கள். ஒரு வருஷம் ஒரு பெண்கூடத் தேறாமல் போகலாம், இன்னொரு வருஷம் ஏழு பேர் தேறலாம். எத்தனை பேர் என்பதைப் பரீட்சை சொல்லட்டும், அறிவிப்பு எழுதுகிற குமாஸ்தா முன்கூட்டியே சொல்ல வேண்டாம். அதுவரைக்கும் அந்த ஒற்றை இடத்துக்கு நம் வீடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக விண்ணப்பம் போகட்டும்.